தேய்த்த காய், தேய்க்காத காய்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முறை நுழைகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்ன சார், பாயசமா?" என்று கேட்பார்கள். நாங்கள் ஏலக்காயை அமிலத்தில் போட்டுச் சூடாக்குவது உண்மைதான். ஆனால் அந்த வாசனை எங்கள் குப்பிகளிலிருந்து வருவதில்லை. குப்பியை நாங்கள் காற்றுப் புகாமல் மூடியிருப்போம். கீழே ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிவைத்திருக்கிற கிட்டங்கியிலிருந்து வருவது அது. போடிக்காரர்கள் தெருவில் அதை மறந்து நடந்துவிட்டு, மாடிப்படி ஏறியதும் புதிதாகக் கண்டுபிடிப்பார்கள். மாடிப்படிகள் இருபத்திரண்டு. மூச்சு வாங்கும்போதுதான் மூக்கு வேலை செய்யும்போல.

மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பினேன். சும்மா இருக்க முடியவில்லை. சிநேகிதரின் மகள் வேதியியல் படித்தவள், கிட்டங்கி மாடியில் இந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியிருந்தாள். "காலையில மட்டும் வந்து உக்காருங்க பெரியப்பா. எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். என் மனைவி, "போயிட்டு வாங்க. இங்க ஜன்னல் கம்பிய எண்ணிக்கிட்டு இருக்கறதுக்கு அங்க போய் எதையாவது எண்ணுங்க" என்றாள். போனேன்.

அங்கே எண்ணுவதற்கு நிறைய இருந்தது. நாங்கள் அளப்பது காய்மேல் தங்கிய மருந்தின் மிச்சம். அழுகல் நோய்க்குத் தெளிக்கிற ஒருவகைப் பூஞ்சண மருந்தை நேராகப் பார்த்து அளக்க முடியாது. காயை நறுக்கிக் குப்பியில் போட்டு, அமிலமும் ஒரு தகர உப்பும் சேர்த்து, இறுக மூடி, வெந்நீரில் வைக்க வேண்டும். மருந்து இருந்தால் அது உடைந்து ஒரு வாயுவாக மாறும். கார்பன் டைசல்பைடு என்று பெயர். குப்பியில் திரவத்துக்கு மேலே இருக்கிற காலியிடத்தில் அது கூடி நிற்கும். ஊசியால் அந்தக் காற்றை உறிஞ்சிக் கருவிக்குள் செலுத்தினால், திரையில் நேர்கோடாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு ஓர் இடத்தில் குன்றுபோல எழும். குன்று பெரிதாக இருந்தால் வாயு அதிகம், மருந்து அதிகம். குன்று இல்லையென்றால் நிம்மதி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கருவிக்கு வாயுவைத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. முட்டைக்கோஸைப் போட்டாலும் அந்த வாயு கொஞ்சம் வரும், பூண்டைப் போட்டாலும் வரும். அதனால்தான் நான் மேசைப் பக்கம் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க விடமாட்டேன். "பெரியப்பா, ரசம் நம்மள என்ன செய்யும்?" என்று அவள் சிரிப்பாள். சிரித்தாலும் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியறைக்குப் போய்விடுவாள்.

சென்ற அறுவடையின்போது சிலமலைக்காரர் ஒருவர் காய் கொண்டுவந்தார். கீழே சிலமலையில் குடும்ப நிலம். மேலே போடிமெட்டைத் தாண்டிச் சரிவில் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். மழைக்காலம் முழுக்கக் கணவனும் மனைவியும் மேலேயே தங்கிவிடுவார்கள். அவரைப்போல ஒன்பது தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஒன்பது பேர் காயையும் ஒன்றாகக் கலந்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடு. குழுவுக்கு ஒரே ஒரு விதி: அந்தப் பூஞ்சண மருந்தைத் தொடக் கூடாது. கலப்பதற்கு முன் ஒவ்வொருவர் காயும் எங்களிடம் தனியாக வர வேண்டும்.

"நம்ம காய்க்கெல்லாம் எதுக்குண்ணே சோதனை? கண்ண மூடிக்கிட்டு எழுதிக் கொடுங்க" என்றார் அவர், பையை மேசையில் வைத்துக்கொண்டே.

"கண்ண மூடிக்கிட்டு எழுதினா கோணலா வரும் தம்பி" என்றேன்.

அவர் காயில் குன்று எழுந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அனுமதித்த அளவுக்குச் சற்று மேலே. அதே பையிலிருந்து இன்னொரு பிடி எடுத்து மறுபடி செய்தோம். அதே உயரம். காயே போடாமல் வெறும் அமிலக் குப்பியை ஓட்டினோம். கோடு தரையோடு கிடந்தது. குழுவிலேயே வேறொருவரின் காயை ஓட்டினோம், அதுவும் தரை. ஆக, அமிலம் சரி, குப்பி சரி, கருவி சரி.

சிநேகிதர் மகள் அவரைக் கைபேசியில் அழைத்தாள். அடுத்த ஜீப்பிலேயே இறங்கிவந்தார். திரையைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மருந்து அடிக்கலைண்ணே."

"சரி தம்பி."

"சரின்னு சொல்றீங்க. ஆனா நம்புற மொகமா இல்லையே."

என் முகம் எப்போதும் அப்படித்தான் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் நின்றபடியே பேசினார். போன மழையில் சரிவின் கீழ்ப்பக்கம் முழுக்க அழுகல் விழுந்ததாம். ஒரு தெளிப்பு தெளித்திருந்தால் நின்றிருக்கும். தெளிக்காமல், அழுகிய தூர்களைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார்களாம். "பிள்ளையத் தூக்கிப் போடுற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறமும் மருந்து இருக்குன்னா நான் என்னண்ணே சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை குழு கூடிக் காயைக் கலக்கிறது. அதற்குள் எங்கள் அறிக்கை போக வேண்டும். இந்த எண்ணோடு போனால் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவர் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை நான் போகும்போது படியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்காத கண்.

"குழுவ விடுங்கண்ணே. வீட்டுல அவளே கேக்குறா."

"என்ன கேக்குறா?"

"அவளுக்குத் தெரியாம நான் எப்ப மருந்து அடிச்சேன்னு. அவ கீழ போயிருந்தப்பவா, இல்ல காய் எடுக்க ஆள் வராத அன்னிக்கான்னு. கத்தல. கத்தினாக்கூடப் பரவால்ல. கஞ்சிய முன்னாடி வச்சுட்டு மெதுவாக் கேக்குறா. பிடுங்கிப் போட்டதெல்லாம் அவ கை, அண்ணே. கீழ்ப்பக்கத்த நான்தான் பிடுங்கச் சொன்னேன். இப்ப மேல்பக்கத்துக்கு மட்டும் களவாண்டு அடிச்சுட்டு, அவளப் பிடுங்க வச்சேன்னு நெனைக்கிறா."

எங்கள் மேசைமேல் எழுந்த ஒரு சின்னக் குன்று, போடிமெட்டைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று முழுக்க என்னால் ஒரு குப்பியை ஒழுங்காகக் கழுவ முடியவில்லை.

"அறிக்கைய ரெண்டு நாள் நிறுத்தி வைக்கலாமா ஆத்தா?" என்று சிநேகிதர் மகளிடம் கேட்டேன்.

"ஞாயிறு வரைக்கும் வைக்கலாம். ஆனா அந்தப் பைக்கு வந்த எண் வந்ததுதான் பெரியப்பா. அத மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொல்லல. எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கணும். நானே மேல போய்க் காய் எடுத்துட்டு வர்றேன்."

"இந்த வயசுல ஜீப்புலயா?"

"ஜீப்புக்கு வயசில்லையா?"

போடிமெட்டு ஜீப்பில் முன்சீட்டில் மூன்று பேர், பின்னால் எண்ணமுடியாத அளவு பேர். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னை எப்படி மடித்து உள்ளே சொருகுவது என்று ஆலோசித்தார்கள். "அப்பு, காலத் தூக்குங்க, கூடைக்குப் போகட்டும்" என்றாள் ஒருத்தி. வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். பாதியில் டிரைவர் ஏதோ மலையாளப் பாட்டைச் சத்தமாக வைத்ததில் கணக்கு தவறிவிட்டது. மேலே போய்ச் சேரும்வரை அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

தோட்டத்தில் காய் உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். தகரக் கூரை, உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், கீழே விறகு எரிகிற அடுப்பு. அவருடைய மனைவி வாசலில் நின்றாள். என்னைக் கும்பிட்டாள், கணவனைப் பார்க்கவில்லை. பால் விடாத கட்டன் காப்பி கொடுத்தாள். அவருக்கும் ஒரு டம்ளரை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள், கையில் கொடுக்காமல்.

நான் என் வழக்கப்படி தேவைக்கு அதிகமாகவே எடுத்தேன். சரிவின் மேல்பக்கத்தில் நின்ற செடிகளின் அடியில் உட்கார்ந்து, சரத்திலிருந்து பச்சைக்காய் ஒரு பொட்டலம். மருந்தடித்திருந்தால் அதில்தான் முதலில் இருக்கும். அப்புறம் ஸ்டோருக்குள் வந்தேன். ஒரு தட்டில் உலர்ந்த காய், நுனியில் காய்ந்த பூச்சருகோடும் காம்போடும் கிடந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"இன்னிக்குத் தேய்க்க ஆள் வரல அண்ணே. அப்படியே ஆறிப்போச்சு. திருப்பிச் சூடு காட்டித்தான் தேய்க்கணும்" என்றாள் அவள்.

தட்டிலிருந்து இறக்கியதும் சூட்டோடு சூடாகத் தேய்த்தால்தான் சருகும் காம்பும் உதிர்ந்து காய் வழவழவென்று வரும். பெரிய தோட்டங்களில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. இவர்கள் கையால் தேய்க்கிறவர்கள். தேய்க்காத காயில் ஒரு பொட்டலம். தேய்த்துச் சாக்கில் கட்டியிருந்ததிலிருந்து ஒரு பொட்டலம். பிறகு சாக்கின் மேல் சந்தேகம் வந்து, அதன் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அடுப்புச் சாம்பலிலும் ஒரு பிடி.

அவள் முகத்தில் முதன்முறையாக ஏதோ அசைந்தது. "அண்ணே, வந்தது வந்தீங்க. அந்த ஜீப்புலயும் கொஞ்சம் வெட்டிக்கங்க" என்றாள்.

கணவர் சிரிக்கப் பார்த்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது ஸ்டோர்ச் சுவரில் ஆணிகளில் கருப்பாக ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். ஏதோ செருப்பின் அடித்தோல் என்று நினைத்தேன். ஏழு இருந்தன. செருப்பென்றால் ஜோடி சேர வேண்டுமே என்று ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் ஜீப்புக்காரன், "சாரே, வெரசா கேறிக்கோ" என்று ஆரன் அடித்தான். ஏறிவிட்டேன்.

மறுநாள் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினோம். பச்சைக்காய்: கோடு தரையோடு போனது. அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப செடியில அடிக்கல பெரியப்பா!" எனக்கு அப்போதே பாதி மூச்சு வந்துவிட்டது. தேய்க்காத உலர்காய்: தரை. அடுப்பும் புகையும் தப்பித்தன. சாக்குத் துண்டு: தரை. சாம்பல்: தரை. கடைசியாகத் தேய்த்த காயைப் போட்டோம்.

குன்று எழுந்தது.

தட்டில் இருந்தவரை இல்லை. சாக்குக்குப் போகும்போது இருக்கிறது. நடுவில் நடப்பது தேய்ப்பது ஒன்றுதான். கை தேய்த்தால் எப்படி வரும்? கையில் மருந்து இருந்ததா? அப்படியானால் மறுபடியும் அந்த மனுஷன்மேல்தான் வருமா? கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவரை அழைத்தேன்.

"தம்பி, காயத் தேய்க்கிறது யாரு?"

"அவளும் ரெண்டு பொம்பளைங்களும்."

"எத வச்சு?"

"கையாலதான்."

"வெறுங்கையாலயா? சுடாதா?"

"சுடும்ல? அதுக்குத்தான் கைக்கு டியூப்பு போட்டிருக்காளுக."

"என்ன டியூப்பு?"

"ஜீப்பு டயருக்குள்ள இருக்குமே, அது. வட்டமா வெட்டி, பின்னால ஒரு வார் வச்சு, உள்ளங்கையில மாட்டிக்கிடறது. பிடிப்பா இருக்கும், சருகு சொன்ன பேச்சக் கேக்கும்."

எனக்குச் சுவரில் தொங்கிய ஏழு கருப்பு வட்டங்களும் கண்முன் வந்தன. "ஏழு தொங்குச்சே, அதா?"

"அதேதான். எட்டாவத நாய் தூக்கிட்டுப் போயிருச்சு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்தச் சோதனை செய்கிற மேசையில் ரப்பர் கையுறை போடக் கூடாது என்பது நான் வேலையில் சேர்ந்த காலத்தில் முதலில் கற்ற விதி. ரப்பரைப் பதப்படுத்தி இறுக்குவதற்குச் சேர்க்கிற சில பொருள்கள் அந்தப் பூஞ்சண மருந்துக்கு உறவுக்காரர்கள். அமிலத்தில் போட்டால் அவையும் அதே வாயுவைத்தான் விடும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

"தம்பி, போன வருசமும் டியூப்புதானா?"

பதில் சொன்னது அவர் மனைவியின் குரல், பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்: "இல்லண்ணே. அது வரைக்கும் சாக்கு மடிச்சுத்தான் தேய்ப்போம். குழுவுல, வெளிநாட்டுக்குப் போற காய்ல சாக்குத் தும்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னாங்க. அதான் சுத்தமா இருக்கட்டும்னு நான்தான் போடிக்கு வந்து, ஜீப்பு சாமான் கடையில புது டியூப்பா வாங்கிட்டு வந்தேன். பழசு வேண்டாம், ரோட்டு அழுக்கு இருக்கும்னு…"

அவள் குரல் நடுவில் நின்றுவிட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த மனுஷன் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல், இருமிக்கொண்டு, கைபேசியே அதிர்கிற மாதிரி. "அடியே! எப்ப அடிச்ச, எப்ப அடிச்சன்னு என்னப் போட்டு அரிச்சியேடி! புது டியூப்பா வாங்கி நீயே அடிச்சிருக்க!"

"சும்மா இருங்க, அண்ணே லைன்ல இருக்காக."

"இருக்கட்டும், நல்லாக் கேக்கட்டும்!"

"சிரிக்காதீங்கங்கறேன்ல" என்றாள் அவள். ஆனால் அவள் குரலும் உடைந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆய்வுக்கூடத்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

சந்தோஷப்பட்டாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊகம் வேறு, சோதனை வேறு. மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் ஏழு டியூப் வட்டங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார்கள். கூடவே, ஆறிப்போயிருந்த அந்தத் தட்டுக் காயை மறுபடி சூடு காட்டி, புதுக் காடாத் துணியால் தேய்த்து ஒரு பொட்டலம். காடாவைத் துவைத்து, தும்பு போகும்வரை அலசிக் காயவைத்துத் தேய்த்தாளாம். "இனிமே எதையும் புதுசா வாங்கினா உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாங்குவேன் அண்ணே" என்றாள்.

"சேலைக்கும் கேப்பியா?" என்றார் கணவர்.

முதலில் டியூப்பில் ஒரு நகக்கண் அளவு வெட்டிக் குப்பியில் போட்டோம். குன்று இல்லை அது, மலை. திரையின் மேல்விளிம்பை முட்டி, தலை வெட்டுப்பட்டு நின்றது. "ஆத்தாடி" என்று அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அந்த மலையைப் பார்த்த பார்வை, தொலைந்துபோன மாட்டைப் பக்கத்து ஊரில் கண்டுபிடித்தவர் பார்வை.

அடுத்து, துணியால் தேய்த்த காய். குப்பி வெந்நீரில் இருந்த நேரம் முழுக்க நால்வரும் அதைச் சுற்றி நின்றோம். நான் மூடியின் விளிம்பில் இருந்த வரிகளை எண்ணினேன். ஆய்வுக்கூடத்துக்காரி ஊசியில் காற்றை உறிஞ்சிச் செலுத்தினாள். கோடு கிளம்பியது. குன்று எழ வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. கோடு நேராகவே போனது. தாண்டியும் போனது.

"முடிஞ்சதா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"முடிஞ்சது."

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

அறிக்கையில் ஆய்வுக்கூடத்துக்காரி எதையும் மறைக்கவில்லை. முதல் பைக்கு வந்த எண்ணை அப்படியே எழுதினாள். டியூப்பில் தேய்த்த காய் எதுவும் வெளிநாட்டுக்குப் போகாது. அதன் கீழே பச்சைக்காய், தேய்க்காத காய், துணியில் தேய்த்த காய், டியூப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி, தோட்டத்தில் மருந்து தெளித்ததற்கு அடையாளம் இல்லை என்று முடித்தாள். குழுத் தலைவர் அதைப் படித்துவிட்டு எங்களை அழைத்தார். "மருந்து கூடாதுன்னு ஒரு விதி வச்சோம். இப்ப டியூப்பு கூடாதுன்னு ரெண்டாவது விதியா? நாளைக்கு எத வச்சுத் தேய்ப்பாளுகளோ!" என்று அலுத்துக்கொண்டார். அலுப்பில் கோபம் இல்லை. ஞாயிறன்று, டியூப்பு தொடாத காயையெல்லாம் துணியால் தேய்த்துக் கொண்டுவந்து சிலமலைக்காரர் குழுவில் சேர்த்தார். ஒன்பது பேரும் ஒன்பது பேராகவே இருந்தார்கள்.

துணியில் தேய்த்த காயைச் சோதித்த அன்று, ஆய்வுக்கூடத்திலிருந்து கணவனும் மனைவியும் இறங்கிப் போனதை மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிரே டீக்கடை. அவர் இரண்டு டீ வாங்கினார். ஒன்றை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, மற்றதையும் அவர் கையிலிருந்து வாங்கி, ஆற்றி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் ஏதோ சொன்னார். கையை உள்ளங்கை தெரிய விரித்துத் தேய்க்கிற மாதிரி காட்டியதால், டியூப்பைப் பற்றித்தான் இருக்கும். அவள் அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

"என்ன பெரியப்பா, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? எண்ணுறீங்களா?" என்றாள் ஆய்வுக்கூடத்துக்காரி.

இல்லை என்றேன். உண்மையிலேயே அப்போது எதையும் எண்ணவில்லை. பிறகு திரும்பி வந்து, பையில் இருந்த டியூப் வட்டங்களை எடுத்துக் குப்பையில் போட்டேன். ஏழும் சரியாக இருந்தன.